ஒட்டிய சுபம்

ஓடிக்கொண்டே இருக்கிறான், தோளில் பை ஆட, பிளாட்பாரக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, சுவரின் சதுர ஓட்டைக்குள் அவனும் ரயிலும் அடங்கிவிடுகிறார்கள், நான் தியேட்டரின் ஆபரேட்டர் கேபினில் ஸ்டூலில் உட்கார்ந்து கார்பன் குச்சியை நகர்த்துகிறேன், நகர்த்தாவிட்டால் வெளிச்சம் செத்துவிடும், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்குக் கோவில்பட்டியில் கிடைத்த வேலை, கீழே சனம் மூச்சைப் பிடித்திருக்க அவன் கை கம்பிக்கு நீள்கிறது, சுபம் விழுகிறது, கைதட்டுகிறார்கள், அந்தச் சுபம் நான் ஒட்டியது. எடுத்த படத்தில் அவன் ரயிலைப் பிடிப்பதில்லை, அவன் காதலி ஜன்னலோரம் அழாமல் போய்விடுவாள், முதல் நாள் ஜனங்கள் கூச்சல் போட்டதும் முதலாளி இரும்புப் படியேறி வந்தார், ஏல, கடைசி நாலு நிமிசத்த வெட்டிப்போடு, அவன் ஓடுறதோட நிக்கட்டும், மிச்சத்த சனமே முடிச்சுக்கிடும் என்றார், வெட்டினேன், ஏதோ பழைய படத்தின் சுபத்தை எடுத்து ஒட்டினேன்.

பெண்கள் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுக்கும் செல்லக்கனி தினமும் மேட்னியின் முடிவை மட்டும் தூணோரம் நின்று பார்ப்பாள், பிறகு மேலே வருவாள், புடிச்சிருவான்னு தெரியும் ஆபரேட்டரே, ஆனாலும் நெஞ்சு அடிச்சுக்கிடுது என்பாள், நான் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவள் படியேறி வந்திருக்கமாட்டாள், அவள் விரல்களில் டிக்கெட்டின் சிவப்புச் சாயம், அது இன்னும் இந்தக் கதவில் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். ஒரு நாள் வந்து, எனக்குத் தூத்துக்குடியில மாப்ள பாத்துட்டாவ, வெள்ளிக்கெழம நாலரைக்கு மதுரை பஸ், நான் ஏறி ஒக்காந்திருப்பேன், நீங்க அவன மாதிரி கடைசி நேரத்துல ஓடி வந்தாலும் சரி என்றாள், சிரித்தாள், நான் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் அண்ணன்மாரிடம் பயம் என்று சொல்லிக்கொண்டேன், அது பொய், இந்த அறைக்கு வெளியே நான் எதுவுமில்லை என்பதுதான் பயம். வெட்டிய துண்டை வியாழக்கிழமை காலை மறுபடி ஒட்டினேன், மேட்னியில் ரயில் போயிற்று, அவன் வெறும் தண்டவாளத்தைப் பார்த்து நின்றான், கீழே ஒருவரும் கத்தவில்லை, மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும், இரும்புப் படியில் செருப்புச் சத்தம், அவன் வரலையே என்றாள், படத்துல அப்பிடித்தான் இருக்கு என்றேன், திரும்பாமல், கார்பன் எரியாத மெஷினைத் துடைத்தபடி, இத வாயில சொல்லியிருக்கலாம்ல, இதுக்கு எதுக்கு இத்தன பேர அழவச்சீரு என்றாள், அதுவரை நீங்க என்று அழைத்தவள்.

மறுநாள் நாலரைக்குப் பஸ்ஸின் ஹாரன் கேபின்வரை கேட்டது, அவள் அதில் இருந்தாளா தெரியாது, கேட்கவும் இல்லை. அழுதவர்கள் திரும்ப வந்தார்கள், வீட்டாரையும் கூட்டி வந்தார்கள், முதலாளி, இருக்கட்டும்ல, வெட்டாத என்றார், ஐம்பது நாள், ஒவ்வொரு காட்சியிலும் அவன் வராமல் போனான், நான் பார்த்தேன்.

இப்போது இது கல்யாண மண்டபம், நான் காவல்காரன், படுக்கை கேபினில், அதே ஓட்டை வழியே மணவறை தெரிகிறது, கெட்டிமேளத்தில் ஸ்டூல் அதிர்கிறது, அன்று படப்பெட்டி திரும்பிப் போகும்முன் திருடிய ஒரு முழம் பிலிமை ஓட்டையின் வெளிச்சத்தில் பிடிக்கிறேன், பை, கூட்டம், நீண்ட கை, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், எந்தக் கட்டத்திலும் அவன் ஓடவில்லை, ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறான், ஓடவைத்தது என் மெஷின்தான்.