வாய்வெட்டு நின்ற வருஷம்

தூம்பாறையில் தண்ணீர் இல்லாமல் போனதற்கு வானத்தைத் திட்டாத ஆள் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன், வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். கடைசியில் தண்ணீரை விரட்டியது நாங்கள்தான், அதுவும் மேளம் தட்டி, சாமி பேரைச் சொல்லி விரட்டினோம் என்று தெரிந்தபோது, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் கொடைக்கானலையும் தாண்டி மேல்மலையில் இருக்கிறது. பூண்டும் கேரட்டும்தான் பிழைப்பு. ஊருக்குத் தலைமாட்டில் ஒரு சதுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கோரைப்புல் வெளி. காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் கறுப்பு மண்ணில் இறங்கும். பெய்கிற மழையையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அந்தக் கசிவுதான் ஓடையாகி, முத்தாலம்மன் கோயில் குளத்தை நிரப்பிவிட்டு எங்கள் வயல்களுக்கு வரும்.

பங்குனியில் அம்மனுக்குத் திருவிழா. விழாவை ஊருக்கு அறிவிக்கிற சாட்டு மேளம் அடிப்பதற்கு முந்தின நாள், வீட்டுக்கு ஓர் ஆண் மண்வெட்டியோடு சதுப்புக்கு ஏறவேண்டும். சதுப்பின் நடுவிலிருந்து ஓடைக்கு ஒரு கால்வாய் உண்டு. அதை இன்னும் ஆழமாக வெட்டிவிடுவார்கள். இதற்கு வாய்வெட்டு என்று பேர். வெட்டின கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தடதடவென்று இறங்கும். குளம் ததும்பும், பிள்ளைகள் குதிப்பார்கள், பூசாரிக்கு அருள் வந்துவிடும். முதல் வெட்டு என் வீட்டுக்காரர் கந்தவேலின் குடும்பத்து உரிமை. அவர் மண்வெட்டி விழாமல் வேறு யாரும் அந்தக் கால்வாயைத் தொடக்கூடாது. அன்றைக்கு மட்டும் மனிதருடைய நடையே வேறு மாதிரி இருக்கும்.

திருவிழா முடிந்த கொஞ்ச நாளில் ஓடை காய்ந்துவிடும். அடுத்த வருஷம் அம்மனுக்குத் தண்ணீர் போதாது என்று இன்னும் ஆழமாக வெட்டுவோம். ஓடை இன்னும் சீக்கிரம் காயும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சாமி காரியத்தில் போய் யார் குற்றம் பார்ப்பார்கள்?

எங்களுக்கு ஊருக்குக் கீழே ஒரு ஏக்கர் நிலம். இரண்டு கோடையாக அதில் பூண்டு முளைத்து, வெளுத்து, செத்தது. மேலே சதுப்பின் ஓரத்தில் எங்களுக்கு இருந்த சின்னத் துண்டு மட்டும் ஈரத்தில் பச்சையாக நின்றது. பக்கத்து வீட்டு லீலா வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு பேத்துப்பாறைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டாள். அவளைப் போல இன்னும் சில பேர். "இந்தக் கோடையும் இப்படியே போச்சுன்னா நாமளும் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பி பறிக்கப் போயிருவம்" என்றார் கந்தவேல். காப்பி பறிப்பது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் என் ஒரு ஏக்கரைக் காயப்போட்டுவிட்டு இந்த மலையை விட்டு இறங்க எனக்கு மனசில்லை. இறங்குவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மாசி மாதம் எங்கள் பசு ஒன்று காணாமல் போனது. தேடிக்கொண்டு சதுப்பின் மேல்கோடிக்குப் போனேன். ஐப்பசி மழையில் ஒரு வாட்டில் மரம் கால்வாய்க்குக் குறுக்கே விழுந்து, அதில் சேறும் புல்லும் வந்து அடைந்து, கரை மாதிரி ஆகியிருந்தது. அதற்கு மேல்பக்கம் எங்கள் பசு வயிறு வரைக்கும் சேற்றில் இறங்கி, ராணி மாதிரி நின்று கோரையை மென்றுகொண்டிருந்தது. அவளைப் பிடிக்கப் போன நானும் இறங்கினேன், இடுப்பு வரைக்கும். மரத்துக்குக் கீழ்ப்பக்கமோ தரை வெடித்துக் கிடந்தது. செருப்புக் காலோடு நடக்கலாம். நடுவில் எங்கள் ஆட்கள் வெட்டிவைத்த கால்வாய், ஆள் மறைகிற ஆழத்துக்கு.

சேலையைப் பிழியக்கூடத் தோன்றாமல் அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, தண்ணி எங்கயும் போகல. நாமதான் வருசா வருசம் வாய வெட்டி வெளிய தள்ளிட்டோம். அந்தக் கால்வாய அடைச்சா சதுப்பு நெறையும். கோட பூராம் ஓடை ஓடும்."

கந்தவேல் சதுப்புப் பக்கம் பார்த்தார். "அடைச்சா நம்ம மேல்துண்டு என்னாகும்?"

"முங்கிப்போகும்."

"தெரிஞ்சேதான் பேசுறியா? வெளைஞ்சு நிக்கிற ஒரு துண்டும் போச்சுன்னா வாயில மண்ணையா போடுறது?"

"கீழ ஒரு ஏக்கர் காஞ்சு கெடக்கே, அது யாரு மண்ணு? ஊரே காலியான பெறகு இந்தத் துண்ட வச்சுக்கிட்டு நான் யாருகூடப் பேசுறது? உங்ககூட மட்டுமா?"

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தத் துண்டில் பூண்டு நன்றாக வந்துகொண்டிருந்தது, பாடுபட்டது அவர்.

திருவிழா பேச ஊர் கூடியது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்கலாம், பேசுவதில்லை. நான் பேசினேன். ஊர்ப்பெரியவர் பழனிச்சாமி மாமா முழுவதையும் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஆத்தா, இது தாத்தன் பூட்டன் காலத்துச் சோலி. நீயும் நானும் மாத்துறதுக்கு இல்ல."

"தாத்தன் பூட்டன் முழங்கால் ஆழத்துக்கு வெட்டுனாக மாமா. நீங்க உள்ள எறங்குனா தலைத்துண்டு மட்டுந்தான் வெளிய தெரியிது."

சிரித்தார்கள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மன் கோவிச்சுக்கிட்டா நீ பொறுப்பா?"

"அவளும் பொம்பளதான். தண்ணி இல்லாத கஷ்டம் அவளுக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. வாய்வெட்டு வழக்கம்போல நடக்கும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். கந்தவேல் என்னைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தார்.

கூடவே வந்த அன்னக்கொடி மதினி பாதி வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முளைப்பாரி போடுவதற்கு எங்கள் ஊரில் அவள்தான் தலைமை. திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு சட்டியில் பயறு விதைத்து, அவள் வீட்டு இருட்டறையில் வைத்து, தினமும் கும்மி கொட்டி வளர்ப்போம். கடைசி நாள் தூக்கிப்போய்த் தண்ணீரில் கரைப்போம். சட்டியில் விதை விழுந்துவிட்டால், அது கரைகிற வரைக்கும் ஊர் மண்ணில் மண்வெட்டி படக்கூடாது. அதை மீற எந்த ஆம்பளைக்கும் தைரியம் கிடையாது.

"வெதைய எப்பப் போடுவோம்?" என்றாள் மதினி.

"சாட்டு மேளம் அடிச்ச பெறகு."

"முந்தின நாளே போட்டா?"

முந்தின நாள்தான் வாய்வெட்டு. "பழக்கம் இல்லையே மதினி" என்றேன், ஒரு பேச்சுக்கு.

"வாய்வெட்டும் பழக்கந்தான். அவுக பழக்கத்த அவுக பாக்கட்டும். நம்ம பழக்கத்த நாம பாப்போம். வெரசா நட, வீட்டுக்கு வீடு சொல்லணும்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். சிலர் பயந்தார்கள், சிலர் புருஷனிடம் சொல்லிவிடுவார்களோ என்று நாங்கள் பயந்தோம். ஆனால் வெயில் காலத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறவர்கள் நாங்கள். அதை ஞாபகப்படுத்தினால் போதுமாக இருந்தது.

வாய்வெட்டு அன்று வெள்ளனே குளித்து, ஈரத் தலையோடு அன்னக்கொடி வீட்டில் கூடினோம். சட்டியில் எருவைப் பரப்பி, பாசிப்பயறும் தட்டப்பயறும் தூவி, எல்லாரும் சேர்ந்து குலவை போட்டோம். பயத்தில் போட்ட குலவை. அதனாலேயே நல்ல சத்தமாக விழுந்தது. தோளில் மண்வெட்டியோடு கிளம்பின ஆண்கள் தெருவில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"யாரக் கேட்டு வெதை போட்டீக?" என்று கேட்டார் பழனிச்சாமி மாமா.

"போட்டாச்சு மாமா" என்றாள் அன்னக்கொடி. "தப்புன்னா நீங்களே வந்து பொறுக்கி எடுத்துருங்க."

வாசல்படியில் கால் வைக்க ஒருவரும் வரவில்லை. கந்தவேல் மட்டும் என்னை முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பி, மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சரி, திருவிழா முடியட்டும்" என்றார் மாமா. "பெறகு வெட்டிக்கிறோம். கந்தவேலு கைய எவ தடுக்கிறான்னு பாப்போம்."

அதற்குள் அடைத்துவிட வேண்டும். மண்வெட்டிதான் மண்ணைத் தொடக்கூடாது, கை தொடலாம். இத்தனை வருஷமாக வெட்டி எடுத்த மண்ணெல்லாம் கால்வாயின் இரண்டு பக்கமும் மேடாகக் கிடந்தது. வெட்டின அந்த மண்ணையே கையால் அள்ளி உள்ளே தள்ளினோம். விழுந்து கிடந்த கிளைகளை இழுத்துப் போட்டோம், கல்லைச் சுமந்தோம். நகம் பிய்ந்தது, இடுப்பு செத்தது. ஆண்கள் மேட்டில் உட்கார்ந்து, "நண்டு வளை அடைக்கிறாளுக" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டோம். ஜீப் ஓட்டுகிற கோகுல்ராஜ் பெருமாள்மலையிலிருந்து வெறும் சாக்குகளைக் கொண்டுவந்து கொடுத்து, தானும் இறங்கினான். வீட்டில் சோறாக்க ஆளில்லை என்று பெண்டாட்டியைத் தேடி ஏறி வந்த ஆண்கள் சிலபேர் சும்மா நிற்க வெட்கப்பட்டுக் கல் தூக்கினார்கள். திருவிழாவுக்கு வந்த லீலா, வந்த சேலையோடு சேற்றில் இறங்கி என் பக்கத்தில் நின்று மண் அள்ளினாள்.

கந்தவேல் வரவே இல்லை.

அந்த வருஷம் கோயில் குளம் பாதிகூட நிரம்பவில்லை. முளைப்பாரியைச் சதுப்புக்குத் தூக்கிப்போய், கரைக்கு மேல் தேங்கிய தண்ணீரில் கரைத்தோம். வருகிற வழியில் முணுமுணுப்பு காதில் விழத்தான் செய்தது. அம்மன் குளத்தைக் காயப்போட்ட பாவம் முருகேஸ்வரி தலையில்தான் விடியும் என்று என் பேரைச் சொன்னார்கள். விடியட்டும் என்றேன். ஆனால் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. கந்தவேல் மண்வெட்டியைத் தொடாததால், திருவிழா முடிந்தும் மாமாவால் கால்வாயை வெட்ட முடியவில்லை.

சித்திரையில் கோடை மழை பிடித்தது. நல்ல மழை. மற்ற வருஷமாக இருந்தால் அவ்வளவும் அன்றைக்கே பள்ளத்தில் பாய்ந்து போயிருக்கும். இப்போது கரையில் முட்டி நின்றது, சதுப்பு பரந்து ஊறியது, கீழே ஓடையில் நிதானமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கந்தவேலும் போனார், ஆனால் ஓடையைப் பார்க்க அல்ல. சதுப்புத் தண்ணீர் எங்கள் மேல்துண்டுக்குள் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பிடுங்க வேண்டிய பூண்டு, வேரெல்லாம் தண்ணீரில் நின்றது.

மறுநாள் காலையில் அவர் மண்வெட்டியை எடுத்தார்.

"எங்க போறீக?"

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். தெருவில் மாமா பார்த்துவிட்டார். அவரும், இன்னும் நாலைந்து பேரும் மண்வெட்டியோடு பின்னால் வந்தார்கள். முதல் வெட்டு அவர் கையில் இருந்தது. அது ஒன்று விழுந்தால் போதும், மிச்சத்தை இவர்கள் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார்கள். நான் மேடு பூராவும் திட்டிக்கொண்டே ஏறினேன். அவரை, அவர் பிறந்த வீட்டை, அவர் மண்வெட்டியை. அன்னக்கொடியும் மற்றவர்களும் செய்தி கேட்டு ஓடி வந்தார்கள். "வெட்டுறதுன்னா என் காலையும் சேத்து வெட்டுங்க" என்று கரைமேல் ஏறி நின்றுகொண்டேன்.

கந்தவேல் கரையை மேலும் கீழும் பார்த்தார். காலால் ஓர் இடத்தை மிதித்தார். மண் பொதக்கென்று உள்ளே போனது.

"பொம்பளைக கட்டுன கரையப் பாரு! இது இன்னொரு மழைக்குத் தாங்காது. மண்ணு பத்தல" என்றார்.

என்னைத் தாண்டி நடந்து எங்கள் துண்டுக்குள் இறங்கினார். ஓங்கி ஒரு வெட்டு. பூண்டும் வேருமாக ஒரு பாளம் மண் பெயர்ந்து வந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து, கரையில் பலவீனமான இடத்தில் வைத்து மிதித்தார். திரும்பிப் போய் அடுத்ததை வெட்டினார்.

மாமா மண்வெட்டியைத் தரையில் ஊன்றி நின்றார். முதல் வெட்டு விழுந்துவிட்டது, ஆனால் கால்வாயில் இல்லை. கூட வந்தவர்களில் ஒருவர் கொஞ்சம் தயங்கி, எங்கள் துண்டுக்குள் இறங்கிப் பூண்டைப் பிடுங்க ஆரம்பித்தார். பிறகு இன்னொருவர்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கோபமும். இதை வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இவ்வளவு தூரம் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாமே.

"நிக்கிறியே, பிடி" என்று அடுத்த பாளத்தை என் கையில் வைத்தார். அதில் இருந்த பூண்டு சின்னச் சின்னதாக, வெள்ளை வெளேரென்று, பல்லே பிரியாமல் இருந்தது. அதைத்தான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெதைக்கு ஆகாது இது" என்றார், தலையை நிமிர்த்தாமல். "கீழ ஒரு ஏக்கருக்கும் வெதைப்பூண்டு வெளியதான் வாங்கணும்."

அந்தக் கணக்கில் காப்பி பறிக்கப் போவது சேரவில்லை. மண்ணை ஏந்திக்கொண்டு கரைக்கு நடந்தேன்.