எழுதித் தந்தவர்

ஜெனூபாவின் ஆய்வு முதல் தரம் திரும்பி வந்தபோது அதன் முகப்பில் சிவப்புப் பேனையால் மூன்றே மூன்று சொற்கள் இருந்தன: ‘மொழி சரியில்லை. திருத்துக.’ எந்த இடத்தில் சரியில்லை, எப்படித் திருத்துவது என்பதற்கு உள்ளே ஒரு கோடுகூட இல்லை.

அவள் சாய்ந்தமருதுக்காரி. வாப்பா கரைவலை இழுக்கிறவர். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். கடலரிப்பில் கரைவலைக்காரர்கள் வலை வைக்கும் வாடிக் குடிசைகள் ஒவ்வொன்றாக அள்ளுண்டு போவதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு பேரிடம் போய்க் கேட்டுக் குறிப்பெடுத்திருந்தாள். விஷயம் கையில் இருந்தது, எழுத்துத்தான் வரவில்லை. நூலகத்தில் ஆய்வெழுதுவது பற்றி இருந்த ஒரே புத்தகம் ஆங்கிலம். சீனியர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டாள். ஒருவர் பெருவிரலை நிமிர்த்திக் காட்டினார். இன்னொருவர் திறக்க முடியாத கோப்பொன்றை அனுப்பிவிட்டு துஆச் செய்யச் சொன்னார்.

“கல்முனையில ஒரு டைப்பிங் கடை இரிக்கி புள்ள,” என்றாள் கூடப் படிக்கும் ஆதிலா. “அங்க தர்சினி எண்டு ஒரு அக்கா. வசனம் பிழையெண்டா அடிக்க மாட்டாவாம். கைய எடுத்திருவாவாம்.”

தர்சினி பாண்டிருப்பைச் சேர்ந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு தரம் உயர்தரப் பரீட்சை எழுதியும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. பதினொரு வருடமாக மற்றவர்களின் ஆய்வுகளைத் தட்டச்சுச் செய்கிறாள். ஜெனூபாவின் முதல் பந்தியிலேயே அவளுடைய கை நின்றது.

“‘கடலரிப்பினால் பாதிப்புக்குள்ளாக்கப்பட்டுள்ள தொழிலாளர்களினால் எதிர்நோக்கப்படுகின்ற…’ தங்கச்சி, இது வசனமா கொழும்பு பஸ்ஸா? எப்ப வந்து சேரும்?”

ஜெனூபாவுக்கு முகம் சுட்டது.

“கடல் என்ன செஞ்சது? அத எனக்குக் கதைச்சுக் காட்டுங்க.”

“வாடிய அடிச்சிட்டுப் போயிட்டு அக்கா. வலய வைக்க இடமில்ல. பக்கீர் காக்கா வலய ஊட்டு முத்தத்தில கொண்டு வந்து போட்டிரிக்காரு. பொண்டாட்டி நாள் முழுக்க ஏசுறா.”

“ஆ, இதத்தான் எழுதணும்.”

“ஆய்வுல பொண்டாட்டி ஏசுறதையா?”

“‘மனைவி கண்டித்தார்’ எண்டு எழுதுங்க. மரியாதையா இருக்கும்.”

அப்படித்தான் மூன்று மாதம் போனது. தர்சினி ஒரு வசனத்தையும் தானாக எழுதியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். “யாரு? எப்ப? எத்தன பேர்? நீங்க கண்டதா, கேட்டதா?” ஜெனூபா சொல்லச் சொல்ல, அது வசனமாகி வரும்வரை காத்திருந்துதான் அடிப்பாள். ஒருநாள் ஜெனூபா வாய் தவறி, முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, அவளை ‘ராத்தா’ என்று கூப்பிட்டுவிட்டாள். “சரி, நானும் ராத்தாவாகிட்டன்,” என்று தர்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு ராத்தாதான்.

நன்றியுரையை மட்டும் ஜெனூபா அந்தக் கடைக்குக் கொண்டு போகவில்லை. ஒருத்தியைக் கொண்டே அவளுக்கு நன்றி அடிப்பிப்பது எப்படி? ஆதிலாவின் மடிக்கணினியில் தானே குந்தியிருந்து அடித்தாள். ‘தட்டச்சுச் செய்து தந்த’ என்று போட்டுப் பார்த்தாள். கடைச் சிட்டை மாதிரி வெறுமையாக இருந்தது. அதை அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: ‘இவ்வாய்வை ஆரம்பம் முதல் முடிவு வரை பொறுமையோடு எழுதித் தந்த தர்சினி ராத்தாவுக்கு என் நெஞ்சம் நிறைந்த நன்றி.’ வாசித்துப் பார்க்க அவளுக்கே அழகாக இருந்தது.

ஆய்வைக் கொடுத்த மறு வாரம், அதைத் திருத்தும் விரிவுரையாளர் கூப்பிட்டு அனுப்பினார். ‘எழுதித் தந்த’ என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“டைப் அடிச்சுத் தந்த எண்டுதான் சேர் நினைச்சி எழுதினேன்.”

“மூணு மாசத்தில மொழி இப்பிடித் திருந்துமா? இத வேற ஆள்தான் எழுதியிரிக்கி.”

“இல்ல சேர். அவ கேப்பா, நான் செல்லுவேன்…”

“என்னத்தக் கேப்பா?”

“யாரு, எப்ப, எத்தன பேர் எண்டு…” என்று தொடங்கினாள் ஜெனூபா. சொல்லச் சொல்ல இன்னும் பிழையாகத்தான் போகும் போலிருந்தது. ஆய்வைத் தான் எழுதவில்லை என்று தட்டச்சுச் செய்தவரிடமிருந்து வியாழக்கிழமைக்குள் கடிதம் வர வேண்டும் என்றார் அவர். இல்லாவிட்டால் ஆய்வு இல்லை, பட்டமும் இந்த வருடம் இல்லை.

கடையில் கதிரை நுனியில் இருந்து ஜெனூபா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் தர்சினி கையை நீட்டினாள்.

“எங்க, காட்டுங்க பாப்பம். என்ன எழுதினீங்க என்னப் பத்தி?”

அந்தப் பக்கத்தை வாங்கி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

“ஒரு சொல்லுத்தானே. எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே தங்கச்சி.”

“உங்களுக்கு நன்றி எழுத உங்களுக்கிட்டயே எப்பிடி ராத்தா கேக்கிற?”

தர்சினி கணினிப் பக்கம் திரும்பினாள். இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தானாகவே அடித்தாள், எங்கும் கை நிற்கவில்லை. ‘மேற்படி மாணவியின் ஆய்வை நான் தட்டச்சு மாத்திரமே செய்து கொடுத்தேன். அதன் பொருள் என்னவென்று எனக்குத் தெரியாது. வாசித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்கு நான் படித்தவளும் அல்ல.’

“கடைசி வரிய எடுங்க ராத்தா,” என்றாள் ஜெனூபா.

“அது இருந்தாத்தான் நம்புவாங்க.”

“பொய்தானே அது!”

“ஓம், பொய்தான். பிழையில்லாம இருக்குத்தானே?” கடிதத்தை எடுத்து ஒப்பம் வைத்து நீட்டினாள். பின்னால் நின்ற ஆளின் அடையாள அட்டையைப் பிரதியெடுக்க எழும்பிப் போனாள். ஜெனூபா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவள் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை விரிவுரையாளர் கடிதத்தை வாசித்தார். கடைசி வரியில் அவருடைய முகம் இளகியது.

“ம், இது போதும். அந்த நன்றிப் பக்கத்த மட்டும் கழட்டிருங்க. உம்மா வாப்பாவுக்குச் செல்லுங்க நன்றிய.” ஆய்வில் ஒப்பமிடப் பேனையின் மூடியைக் கழற்றினார். “நானும் என்னவோ ஏதோ எண்டு நினைச்சிட்டேன். டைப் அடிக்கிற பொம்புள. அவக்கு இதில என்ன விளங்கப்போகுது, என்ன?”

பேனை தாளுக்கு மேலே நின்றது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் சேர்,” என்றாள் ஜெனூபா.