தட்டில் ஒரு பாஸ்போர்ட்

எங்கள் தெருவில் பிறந்த நாள் என்றால் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. என் வீட்டுக்காரர் காத்தமுத்துவுக்குத் தேதியெல்லாம் செல்லாது. ஐப்பசியில் பூச நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் பிறப்பார். கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம், பாயசத்தில் முந்திரி குறைவென்று ஒரு முணுமுணுப்பு. எதிர்வீட்டுத் தங்கப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். கேக் வரவழைத்து, மெழுகுவத்தி கொளுத்தி, தானே ஊதி அணைத்து, தானே கைதட்டிக்கொள்வார். அடுத்த வீட்டு ஆஸியா பீவிக்கு இரண்டுமே சிரிப்பு.

"பொறந்த ஏழாம் நாளு முடி எறக்கிப் பேரு வச்சாச்சுன்னா அதோட சரி. வருஷா வருஷம் பொறக்கறதுக்கு நீங்க என்ன, குறுவையா சம்பாவா?" என்பாள்.

அப்படிப்பட்ட ஆஸியா பீவி வீட்டிலேயே எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு பிறந்த நாள் நடந்தது. நடத்தியவள் அவளுடைய தம்பி மன்சூர் அலியின் மனைவி அமீர் நிஷா.

மன்சூர் சைகோனில் ஒரு தையற்கடையில் துணி வெட்டுகிற வேலை பார்த்தவர். அங்கேயே அந்த ஊர்ப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார். அமீர் நிஷா என்பது நிக்காஹில் வைத்த பெயர். சண்டை முடிந்து ஊர் கைமாறியதும் கடை போயிற்று. இரண்டு பேரும் காரைக்காலுக்கு வந்து ஆஸியா பீவியின் வீட்டில் தங்கினார்கள். பையன் அலாவுதீன் இங்கேதான் பிறந்தான்.

அமீர் நிஷா தமிழைச் சொல் சொல்லாகப் பொறுக்கிப் பேசுவாள். அவள் பாஷையில் அவளோடு பேச இந்த ஊரில் இருந்தது மன்சூர் ஒருத்தர்தான். அந்த ஒருத்தரைத்தான் துபாய்க்கு அனுப்ப ஆஸியா பீவி ஒற்றைக்காலில் நின்றாள். விசா வந்தாயிற்று. மன்சூர் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவரோ அக்காள் பேசினால் அக்காள் பக்கம் தலையை ஆட்டுவார், மனைவி பார்த்தால் மனைவி பக்கம் ஆட்டுவார். கழுத்து வலிக்காத மனுஷர்.

பையனுக்கு ஒரு வயசு நிறையும்போது அமீர் நிஷா தங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அன்றைக்குப் பிள்ளை தொட்டிலை விட்டு இறங்குகிறது என்று கணக்காம். பாயில் உட்கார வைத்து, எதிரே ஒரு தட்டு நிறையச் சாமான் வைப்பார்கள். பிள்ளை முதலில் எதை எடுக்கிறதோ அதுதான் அதன் பிழைப்பு.

"பொறந்த நாளெல்லாம் நமக்குக் கெடையாது" என்று ஆரம்பித்தாள் ஆஸியா பீவி. 'பிழைப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் பாதியில் நிறுத்தினாள். "தட்டுல என்ன வேணாலும் வைக்கலாமா?"

"வைக்கலாம், லாத்தா." அக்காளை மன்சூர் கூப்பிடுகிற மாதிரியே அவளும் லாத்தா என்பாள்.

"அப்ப மன்சூரு பாஸ்போர்ட்டை வையி. புள்ளை அதை எடுத்தா அவன் அத்தா துபாய் போறாரு. அல்லாவே சொன்ன மாதிரி."

அமீர் நிஷா சிரித்தாள். புரியாமல் சிரிக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

பிறந்த நாளன்று காலையில் ஆளாளுக்கு ஒரு சாமானோடு வந்தோம். நான் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, சாக்பீஸ் வைத்தேன். மாதம் முதல் தேதி சம்பளம் வருகிற பிழைப்பைப் பிள்ளைக்குக் காட்டாமல் விடலாமா? தங்கப்பன் பட்டாளத்து மெடலைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்பதுபோல அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அமீர் நிஷா சைகோனிலிருந்து கொண்டுவந்த பெரிய கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி, பிடி மட்டும் தெரியும்படி வைத்தாள். ஆஸியா பீவி பாஸ்போர்ட்டை எடுத்துவர உள்ளே போனாள்.

போனவள் வரக் காணோமே என்று நான் எட்டிப் பார்த்தேன். அடுப்பங்கரையில் தேன் புட்டியைத் திறந்து பாஸ்போர்ட் அட்டையில் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா இது?"

"வாயை மூடு லோகு. அட்டை காஞ்சு கெடக்கு."

நான் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பை மூடத்தான் முந்தானை தேவைப்பட்டது.

அலாவுதீனைப் பாயில் விட்டார்கள். மெடலைப் பார்த்தான், தங்கப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாக்பீஸை ஒரு தட்டு தட்டி உருட்டிவிட்டான், எனக்கு முகம் விழுந்தது. கத்தரிப் பிடியைத் தொட்டான். அமீர் நிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது ஓர் ஈ பறந்து வந்து பாஸ்போர்ட்டில் உட்கார்ந்தது. பையன் ஈயைப் பிடிக்கப் போய்ப் பாஸ்போர்ட்டைப் பிடித்தான். விரலை வாயில் வைத்தான், இனித்தது. அவ்வளவுதான், அட்டையை இரண்டு கையாலும் தூக்கி நக்க ஆரம்பித்துவிட்டான்.

"பாத்தியளா! பாத்தியளா!" ஆஸியா பீவி குதித்தாள். "தம்பி, பெட்டியைக் கட்டு!"

மன்சூர் தலையை ஆட்டத் தொடங்கினார். அமீர் நிஷா குனிந்து மகனிடமிருந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். அவன் வீரிட்டு அழுதான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே பேசினாள்.

"எடுத்தது யாரு? புள்ளை. அப்ப புள்ளை போவட்டும். பெரிசா ஆயி, மீசை வந்து, போவட்டும். நான் அழுவ மாட்டேன்." அவள் கணவனைப் பார்த்தாள். "இவுக எடுக்கலையே. இவுகளுக்கு யாரும் தட்டு வைக்கலையே. இப்ப வைக்கறேன். உக்காருங்க."

தங்கப்பன் 'பிராவோ' என்றார். நான் சிரித்துவிட்டேன். முப்பத்தைந்து வயசு மனுஷர், கைலியை இழுத்து விட்டுக்கொண்டு, மகன் உட்கார்ந்திருந்த பாயில் சம்மணம் போட்டார்.

"எடு தம்பி, யோசிக்காதே" என்றாள் ஆஸியா பீவி.

மன்சூர் பாஸ்போர்ட்டில் கையை வைத்தார். அமீர் நிஷாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் கையை எடுத்தார், விரலைப் பார்த்தார், முகர்ந்தார்.

"லாத்தா, ஒட்டுதே?"

மன்சூர் விரலைக் கைலியில் துடைத்துவிட்டு, துணியைப் பிரித்துக் கத்தரிக்கோலை எடுத்தார். காற்றில் ஒருதரம் வெட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சது இதுதான் லாத்தா. இங்கனயே ஒரு கடை போடறேன்" என்றார். வந்த நாளிலிருந்து அவர் தலையை ஆட்டாமல் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

ஆஸியா பீவி கத்துவாள் என்று காத்திருந்தோம். அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"இவன் போனா அவரு வந்துருவாருன்னு நெனச்சேன்" என்றாள்.

அவர் என்றது அவள் வீட்டுக்காரரை. குவைத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது. நடுவில் இரண்டு முறை வந்து போனார். இரண்டு பெண்களைக் கரையேற்ற வெளிநாட்டுப் பணம் வேண்டும், தம்பி அனுப்ப ஆரம்பித்தால் புருஷன் திரும்பிவிடலாம் என்று அவள் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டிருக்கிறாள். அவளைப் பணத்தாசை பிடித்தவள் என்று இத்தனை நாளாக நான் நினைத்திருந்தேன்.

அமீர் நிஷா பிள்ளையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "லாத்தா, அவுகளை வாங்கன்னு சொன்னீங்களா?"

"அதெல்லாம் சொல்லணுமா? அவருக்கே தெரியாது?"

நான் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஆஸியா பீவிக்கு எழுத வராது, குவைத்துக்குப் போன கடிதமெல்லாம் என் கையால் எழுதியதுதான். "பணம் வந்தது, பிள்ளைகள் சுகம், கூரை ஒழுகுகிறது, சென்ட் அனுப்பவும்." கூரையைப் பற்றி மட்டும் ஒரு பாரதம் எழுதியிருப்பேன். வரச் சொல்லி ஒரு வரி கிடையாது.

"ஒரு கடுதாசியிலயும் நீங்க சொன்னதில்லைக்கா" என்றேன்.

"அப்ப இப்ப எழுது."

"என்னன்னு?"

"உனக்குத் தெரியாதாக்கும்!"

"தெரியும். நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்."

என்னை முறைத்தாள். தங்கப்பன் இருந்ததால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்: "வந்துரச் சொல்லு. கஞ்சியோ கூழோ, போதும். வந்துரச் சொல்லு."

அன்றைக்கே எழுதிப் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. மாசி மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பெட்டியோடு மனுஷரே வந்து இறங்கினார்.

மறுநாள் விடிந்ததும் ஆஸியா பீவி என் வாசலில் நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "ராத்திரி பூரா என்னா கொறட்டைங்கிறே! இந்த மனுஷனை யாருடி வரச் சொன்னது?"

"நீங்கதான்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் காத்தமுத்து எழுந்து வந்து, என்ன, யாருக்காவது பிறந்த நாளா என்று கேட்டார்.