வீட்டிலிருந்து வந்த கம்பு

மூன்றாம் கொட்டகையின் மூலையில் கிடந்த பெரிய தாய்ப்பன்றி தீனிக்குக்கூட எழவில்லை. காது நுனிகள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தன. கொட்டகை வேலைக்காரி லியோந்தினா குனிந்து பார்த்தாள். இதே நிறத்தைக் காலையில் தன் வீட்டுக் கொல்லையில் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

நோய் தொற்றிவரும், வீட்டில் பன்றி வளர்க்கக் கூடாது என்று பண்ணையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நல்ல சட்டம்தான் போங்கள்! கிறிஸ்துமஸுக்குச் சொந்தப் பன்றியை அறுக்காத வீட்டை வீடென்றே மதிக்காத ஊர் இது. அவளும் ஒன்றை ஒளித்து வளர்த்தாள். அதோடு நின்றிருக்கக் கூடாதா? முந்நூறு பன்றிகளை ஒரே கூடத்தில் விட்டால் தீனி நேரத்தில் ஒன்றையொன்று கடித்துக் குதறும். மறித்து ஓட்டப் பண்ணையில் கொடுத்த பிளாஸ்டிக் பலகைக்கு அவை அடங்கவில்லை. குளித்து உடை மாற்றாமல் யாரையும், வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் போன வாரம் தன் வீட்டுப் பன்றியை ஓட்டும் கம்பை வேலிக்கு மேலாக எறிந்து உள்ளே கொண்டுவந்தாள். பாழாய்ப்போன கம்பு, நன்றாகத்தான் வேலை செய்தது.

இன்று இவற்றில் அறுபது, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பண்ணைக்குப் போகவேண்டும். அங்குள்ள எண்ணூறோடு கலக்கும்போது வாசனை வித்தியாசம் தெரிந்து கடிபடாதிருக்க முதுகில் வினிகர்கூடத் தெளித்தாயிற்று.

"என்ன மரமாட்டம் நிக்கிற? கதவத் திற, லாரிக்காரன் கத்துறான்" என்றபடி வந்தார் மேற்பார்வையாளர் த்ராயான்.

அவள் தாழ்ப்பாளை முதுகால் மறைத்தாள். சொன்னால் வேலை போகும், இந்த முந்நூறையும் கொன்று புதைப்பார்கள். சொல்லாவிட்டால் அக்கரையும் சேர்ந்து சாகும். கடவுளே, இதென்ன கொடுமை!

"வேணாம்ணே, ஏத்தாதீங்க. பன்னிக் காய்ச்சல் உள்ள வந்திருச்சு. எங்க வீட்டுப் பன்னி காலைல செத்துப்போச்சு. நாந்தாண்ணே கொண்டாந்தேன், இந்தக் கம்புல" என்று அழுதாள்.

த்ராயான் திட்டவில்லை. மூலையில் கிடந்ததன் காதைப் பார்த்தார். பிறகு காலியான தீவன வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. தீனி வருகிறதென்று பன்றிகள் முண்டியடித்து ஓடிவந்து அவள் முழங்காலை முட்டின.

"அக்கரையாவது பிழைக்கட்டும்ணே" என்றாள்.

"எங்க பிழைக்கிறது?" என்றார் அவர், தலை நிமிராமல். "எங்க வீட்டுப் பன்னி போன வியாழக்கிழமையே செத்துச்சு. புதைச்சுட்டு, குளிக்காம அதே பூட்ஸோட அக்கரைப் பண்ணைக்குள்ள போனேன்."