ஐந்து படிகளும் ஒரு பலகையும்

ஆலய வாசலுக்கு ஐந்து படிகள். ஏறி வருகிறவர்களின் முழங்காலைத் தாழ்மைப்படுத்த வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருப்பார்கள் போல. முழங்காலே வேலை செய்யாதவர்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து ஆறு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இடுப்புக்கு மேலே, முக்கியமாக நாக்கில், ஒரு குறையும் கிடையாது. அவன் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். முதல் வருடம் ஆலயப் படியில் நான்கு பேர் ஓடி வந்து அவன் சக்கர நாற்காலியைத் தூக்கினார்கள். இரண்டாம் வருடம் அது இரண்டு பேரானது. அதற்குப் பிறகு, "உங்களுக்காக ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் படியேறிப் போனார்கள்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சக்கர நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரங்களைப் படியில் முட்டவைத்து, மேல்படியில் காலூன்றி இழுப்பாள். படிக்கு ஒரு மூச்சு. அவன் தெருவைப் பார்த்தபடி அறிவித்துக்கொண்டு வருவான்.

"மூணு முடிஞ்சுது. இன்னும் ரெண்டு. பரலோகம் வந்துடுச்சு."

"வாய மூடுங்க. சிரிச்சா கை வழுக்கும்."

ஒரு சாய்தளம் வேண்டுமென்று சபைக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கட்டடக் கமிட்டி அதற்காக மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் முகப்பின் அழகு கெடும் என்றார்கள். இரண்டாவது கூட்டத்துக்குப் போதிய ஆள் வரவில்லை. மூன்றாவதில் சபைச் செயலர் எழுந்தார். பேச்சில் மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறவர் என்பதால் அவருக்கு ஸ்தோத்திரம் ஐயா என்றே பெயர்.

"ஸ்தோத்திரம்! நாளைக்கே பெயிண்டர் எழுந்து நடந்துட்டா? அந்தச் சாய்தளம் நம்ம அவிசுவாசத்துக்குச் சின்னமா நிக்காதா?"

கமிட்டிக்கு மெய்சிலிர்த்தது. விஷயம் தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இஸ்திரி மேசையில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"இனிமே எதையும் தூக்கக் கூடாது. இழுக்கவும் கூடாது."

"ஞாயித்துக்கிழமை மட்டும், டாக்டர்?"

"முதுகுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாதும்மா. மீறினா நீங்களும் ஒரு நாற்காலி வாங்கிக்க வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். அவன் முதல்முறையாக வேடிக்கை இல்லாமல் பேசினான். "நான் வீட்லயே ஜெபம் பண்ணிக்கிறேன். நீ போயிட்டு வா" என்றான்.

"ஆறு வருஷம் சேர்ந்து போனோம். இப்ப என்ன தனியா?"

வெள்ளிக்கிழமை ஸ்தோத்திரம் ஐயாவே வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பிரசங்கம் செய்ய ஒரு பெரிய ஊழியர் வருகிறார், கேமரா உண்டு, ஜெபத்தால் குணமானதாக ஒருவர் மேடையில் சாட்சி சொல்ல வேண்டும்.

"ஸ்தோத்திரம், ரெண்டு பிரதர்ஸ் பின்னாடி நின்னு கக்கத்துல தாங்கிப்பாங்க. திரை இருக்கும், அவங்க தெரிய மாட்டாங்க. பெயிண்டர் ஒரு நிமிஷம் நின்னா போதும். அப்புறம் வாராவாரம் தூக்கிட்டு வர நாலு பேருக்கு நான் பொறுப்பு."

"அவருதான் எழுந்திரிக்கலியே ஐயா."

"விசுவாசத்துல எழுந்தாச்சு சிஸ்டர். உடம்பு கொஞ்சம் பின்னாடி வருது, அவ்வளவுதான்."

அவர் போன பிறகு பெயிண்டர் மோட்டுவளையைப் பார்த்தபடி சொன்னான்: "நின்னுடறேனே. ஒரு நிமிஷம்தானே. உன் முதுகு தப்பிக்கும்."

"யாருகிட்ட சொல்லப் போறோம் இதை? ஆண்டவர்கிட்ட. தினமும் உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறப்ப அவரு இந்த அறையிலதான் இருக்காரு. அவரு முன்னாடியே போய், இவரு நடந்துட்டாருன்னு சொல்லுவேனா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்த நாள் ஜெபம் பண்ணுவேன்?"

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"போறோம். கீழயே நிறுத்தி வாசல்ல இருந்து கேப்போம். வெயில் அடிச்சா குடை."

"நான் நிக்க மாட்டேன்னு அவருக்கு யாரு சொல்றது?"

"நீங்க உக்காந்திருக்கறதப் பாத்து தெரிஞ்சுக்குவாரு."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே கிளம்பினார்கள். கையில் குடை. ஆலயத் திருப்பத்தில் நாற்காலியைத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

படிகளின் மேல் ஒரு சாய்பலகை போட்டிருந்தது. கனமான பலகை, அடியில் மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து ஆணி அடித்து, தெரு வரைக்கும் நீளமாக இறங்கியிருந்தது. அதன்மேல் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் சக்கரத்தில் ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தன. பெரிய ஊழியரின் பெட்டிகள். பக்கத்தில் சுத்தியலோடு சபையின் தச்சர் நின்றார்.

"யாரு அண்ணே போடச் சொன்னது?"

"செயலர்தான். பெட்டிய படியில தூக்கினா அடிபட்டுடுமாம். அரை மணி நேரத்துல முடிக்கணும்னாரு. இருபது நிமிஷத்துல முடிச்சுட்டேன்."

"கமிட்டி கூடுச்சா?"

"எதுக்கு?"

பெயிண்டர் தொண்டையைச் செருமினான். "நாமளும் ஸ்பீக்கர் பெட்டியா பொறந்திருக்கலாம்."

கடைசிப் பெட்டி ஏறியதும் அவள் நாற்காலியை முன்பக்கமாகவே தள்ளினாள். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவன் ஆலயத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான்.

ஸ்தோத்திரம் ஐயா வாசலுக்கு ஓடி வந்தார். "முடிவு பண்ணியாச்சா சிஸ்டர்?"

"சாட்சி நான் சொல்றேன் ஐயா."

அவருக்கு முகம் மலர்ந்தது. மைக் கைக்கு வந்தது. கேமரா திரும்பியது. திரைக்குப் பின்னால் இரண்டு பிரதர்ஸ் கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இவரு விழுந்து ஆறு வருஷம். இன்னைக்கும் நடக்கல" என்று தொடங்கினாள். ஸ்தோத்திரம் ஐயாவின் உதடு பாதி ஸ்தோத்திரத்தில் நின்றது. "நடக்கணும்னு ஆண்டவர்கிட்ட தினமும் கேக்கிறேன். இனியும் கேப்பேன். அவரு தரலேன்னாலும் அவரை விட மாட்டேன். என்னை இத்தனை நாள் விடாமதானே வச்சிருக்காரு. ஆனா இன்னொண்ணும் கேட்டிருந்தேன். இந்தப் படியேற ஒரு வழி. செவ்வாய்க்கிழமை என் முதுகு போச்சு. இனிமே வரவே முடியாதுன்னு ஆச்சு. இன்னைக்குக் காலையில வந்தா, பலகை போட்டிருக்கு. இருபது நிமிஷத்துல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

சபை தன்னையறியாமல், "ஆமென்!" என்றது.

"ஆண்டவர் கொடுத்ததை சாயங்காலம் பிரிச்சுட மாட்டீங்கன்னு நம்புறேன்."

இந்தமுறை ஆமென் முன்வரிசையிலிருந்தும் வந்தது. பெரிய ஊழியர் எழுந்து, "எவ்வளவு தரிசனமுள்ள சபை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா ஸ்தோத்திரம் ஐயாவைப் பார்த்தது. கேமரா பார்க்கும்போது மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

"ஸ்தோத்திரம்" என்றார், மெல்ல.

அடுத்த ஞாயிறு பலகைக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு. அதில் செயலரின் பெயர், கமிட்டியின் பெயர்கள், தேதி. தச்சர் பெயர் இல்லை. பெயிண்டர் கல்வெட்டை விட்டுவிட்டு வண்ணத்தைத்தான் பார்த்தான்.

"ஒரே பூச்சு. ஒரு மழைக்குத் தாங்காது. என்னைக் கேட்டிருக்கலாம்."

"பிரஷ் கொண்டு வர்றேன். உக்காந்தே பூசுங்க."

பலகையின் மேல்முனையில் வாசல் நிலைப்படி இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது; போன வாரம் பெட்டிகளுக்காக அதன்மேல் போட்டிருந்த சின்னக் கட்டையைக் காணோம். சின்னச் சக்கரங்கள் அதில் முட்டி நின்றன. அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அதைப் பார்த்தாள்.

"என்ன?" என்றான்.

"அடுத்த ஜெபம்" என்றாள். தச்சரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.