மூன்றாவது பூச்சு

சனிக்கிழமை அவள் வருவாள். அதற்குள் எல்லாம் உதிர்ந்துவிட வேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை.

நான் பெயின்டர். மனைவிக்குப் பக்கத்து ஊர் நூல் ஆலையில் வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவாள். எனக்கு மறைவான இடத்தில் மரு வந்திருந்தது, நாலைந்து, கோழிக் கொண்டை மாதிரி. போன தடவை அவள் வந்தபோது முதுகுவலி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். இந்தத் தடவை அந்தப் பொய் செல்லாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னச் சீசா மருந்து எழுதிக் கொடுத்தார். நர்ஸம்மா விளக்கிச் சொன்னார்.

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, மூணு நாள். அப்புறம் நாலு நாள் தொடவே கூடாது. மரு மேல மட்டும் குச்சியால தொட்டு வைங்க. காஞ்சப்புறம் துணி போடுங்க. கைய சோப்பு போட்டு கழுவுங்க. ஆறுற வரைக்கும் சேர்ந்து படுக்க வேணாம். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு கர்ப்பப்பை வாய சோதிச்சுப் பாக்கணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் சொன்னதற்குத் தலை மட்டும்தான் ஆடியது.

ஞாயிறும் திங்களும் சொன்னபடி செய்தேன். மரு வெளிறியதே தவிர விழவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாகச் சுவர் அடிக்கிறவன். ஒரு பூச்சில் மறையாத கறை இரண்டாவதில் மறையும், அதிலும் மறையாவிட்டால் மூன்றாவது. சுற்றிலும் இரண்டு விரல் அகலம் சேர்த்து அடித்தால்தான் ஓரம் தெரியாது. கை பழகின வழியில் புத்தியும் போயிற்று. செவ்வாய்க்கிழமை பூசினேன், காயவிட்டேன், அதன்மேல் பூசினேன், அதற்கும் மேலே ஒன்று. பக்கத்து நல்ல தோலையும் விடவில்லை. புதன்கிழமை நிறுத்தியிருக்க வேண்டும், அன்றைக்கும் பூசினேன். சீசாவோடு வந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் படிக்கக் கற்றவன் நான், பொடி எழுத்து என்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனாலும் 'நிறுத்தவும்' என்ற சொல்லைப் படித்தேன். படிக்கத் தெரியாதவன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

வியாழக்கிழமை சாரத்தின் மேல் நிற்க முடியவில்லை. கூட வேலை செய்கிறவன் ஆள் நெடுநெடுவென்று இருப்பான், ஏணி என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னண்ணே, புது மாப்பிள்ள மாதிரி கால அகட்டி நடக்கறீங்க?"

"தொடையில சிரங்குடா."

"சிரங்குக்கு எவனாவது அழுவானா? கீழ எறங்குங்க மொதல்ல."

இறங்கும்போது கால்சட்டை தோலோடு ஒட்டிப் பிய்ந்தது. துணி நனைந்திருந்ததைப் பார்த்தபின் ஏணி ஒரு கிண்டலும் பண்ணவில்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினான்.

திரைக்குப் பின்னால் நர்ஸம்மா பார்த்தார். "எத்தன தடவ போட்டீங்க?"

"ஒரு வேளைக்கு மூணு பூச்சு."

"பூச்சா? இது என்ன சுவரா? தோலுய்யா! அதிகமா போட்டா இது ரத்தத்துல கலந்துடும், தெரியுமா?"

"சனிக்கிழம அவ வந்துடுவா சிஸ்டர்."

அவர் கை நின்றது. "இன்னும் சொல்லலையா? நீங்க மறைக்கற ஒவ்வொரு நாளும் உங்க நாள் இல்ல. அது அவங்க நாளு."

டாக்டர் சீசாவை வாங்கி வைத்துக்கொண்டார். புண் முழுக்க ஆறினபிறகுதான் மற்றதெல்லாம் என்றார். அவரிடம் ஒன்று கேட்டேன், இது எப்போது ஒட்டியிருக்கும் என்று. சொல்ல முடியாது, மாதக்கணக்கிலும் இருக்கலாம், வருடக்கணக்கிலும் உள்ளே கிடக்கலாம் என்றார். அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை மதியம் அவள் வந்தாள். நான் மல்லாந்து கிடந்தேன். கேட்டாள். சொன்னேன், மருவையும் மருந்தையும் புண்ணையும். அவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"எனக்கும் இருக்குமா?"

"இருக்கலாமாம். பாக்கணும்னு சொன்னாங்க."

"யாருகிட்டருந்துங்க?"

"எப்ப ஒட்டிச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாதாம். வருஷக்கணக்கா..."

"டாக்டரால முடியாது. உன்னால முடியுமா, முடியாதா?"

பதினெட்டு வருடத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கையில் பிடித்திருந்த சொல் நழுவிப் போயிற்று. போன மழைக்கு முன்னால் வெளியூரில் விடுதிக் கட்டடம் அடிக்கப் போனது, அங்கே ஒருத்தியோடு இரண்டு வாரம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"திங்கக்கிழம ஆஸ்பத்திரிய எத்தன மணிக்குத் தெறப்பாங்க?"

"எட்டு மணிக்கு. நானும் கூட வரேன்."

"வேணாம்" என்றாள். "எந்த வாசல்னு மட்டும் சொல்லு."

சொன்னேன்.