விடுப்புப் பேய்

நிலாவெளி வீதியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த உல்லாசப் பூங்கா திறந்தபோது, பக்கத்து ஊரான சாம்பல்தீவுச் சனத்துக்கு வந்த சந்தேகம் ஒன்றுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் சும்மா அடித்துக்கொண்டு கிடக்கிறது. இந்தப் பக்கம் தொட்டி கட்டி, மோட்டர் வைத்து, அதே அலையை அடிக்கவிட்டு ரிக்கெற் விற்கிறார்கள். இதுக்கு ஆர் வருவான்?

வந்தார்கள். கொழும்பில் இருந்து வான் பிடித்து வந்தார்கள், குருநாகலில் இருந்து பஸ் பிடித்து வந்தார்கள். சந்தேகப்பட்ட சாம்பல்தீவாரும் கடலுக்குப் போய்வாறம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மோட்டர் அலையில் குளித்து, தலைமயிர் உப்புப் பிடிக்காமல் திரும்பி வந்து அகப்பட்டார்கள். உள்ளே ஒரு மூலையில் பொம்மை மான்கள் வேறு. திருகோணமலை பஸ் நிலையத்தடியில் உயிருள்ள மான்கள் வாழைப்பழத் தோலுக்கு அடிபட்டுக்கொண்டு நிற்க, இங்கே பொம்மை மானைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க வரிசை.

அந்தப் பூங்காவில்தான் கமலாதேவிக்கு உத்தியோகம் கிடைத்தது. பேயாக.

அவள் போனது குசினியில் சமையல் வேலை கேட்டு. குசினியில் ஆள் நிரம்பிவிட்டது. சரியென்று வெளிக்கிட்டவளின் கொண்டையை, மனேச்சர் நிப்றாஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒண்டு கேட்டா கோவிக்கமாட்டீங்களே? அந்தக் கொண்டையைக் கொஞ்சம் அவுத்துக் காட்டுறீங்களா?"

கமலாதேவியின் கை செருப்பை நோக்கிப் போவதைக் கண்டதும் அவன் மூச்சுவிடாமல் விளக்கம் சொன்னான். பேய்வீட்டில் பேயாக நின்ற பொடியன் கட்டாருக்குப் போய்விட்டானாம். அவன் போட்டு நின்ற நைலோன் முடியை எலி கடித்துவிட்டதாம். கமலாதேவி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள். முடி முழங்கால் மட்டும் வந்து விழுந்தது. நிப்றாஸ் தன்னையறியாமல் ஓரடி பின்னுக்குப் போனான். நேர்முகப் பரீட்சை அதோடு முடிந்தது.

தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றபின் கதிரையில் இருந்தே பொழுதுபோக்கும் அவளுடைய மனிசன் தவராசாவுக்கு இந்தச் செய்தி நல்ல தீனியாய்ப் போயிற்று. "இவ்வளவு காலமும் நான் ஓசியில பாத்தனான். இனி ஊருலகம் ரிக்கெற் எடுத்துப் பாக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கமலாதேவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூங்காவில் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் அவளுடைய படம், படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே 'காட்சிக் கலைஞர்' என்று அச்சடித்திருந்தது. ஊரில் அவள் தவராசாவின்ர மனிசி, கஜந்தியின்ர அம்மா, தபால்கந்தோராற்ற வீட்டுக்காறி. தனிப் பெயர் ஒன்று தனக்கும் இருக்கிறது என்பதை அந்த அட்டையில்தான் அவள் கண்டாள். பஸ்ஸிலும் கழற்றவில்லை, சந்தையிலும் கழற்றவில்லை. கோயிலில் குனிந்து விபூதி வாங்கும்போது அது ஐயரின் தட்டில் போய் டங்கென்று இடித்தது.

வேலை என்னவோ இலேசுதான். இருட்டுக்குள் ஒரு பொய்க் கிணறு. சிவப்பு லைற் எரிந்தால் வெள்ளைச் சேலையோடு கிணற்றுக்குள் இருந்து எழும்பி, முடியை முன்னால் போட்டு "ஊஊ" என்று ஒரு சத்தம் விடவேண்டும். வெளியூர்ச் சனம் மரியாதையாகப் பயந்து, மரியாதையாகக் கத்திவிட்டுப் போனது.

வில்லங்கம் உள்ளூராரால் வந்தது. கமலாதேவிக்கு விடுப்பு என்றால் உயிர். ஆற்ற வீட்டுக்கு ஆர் வந்தது, ஏன் வந்தது, வந்த ஆள் சாப்பிட்டுப் போனதோ பட்டினியாய்ப் போனதோ, எல்லாம் விசாரித்தறிந்தால்தான் அவளுக்கு நித்திரை வரும். போகிற வருகிற ஆளிடம் "ஆரோட வந்தனீ?" என்று கேட்காமல் படலையை மூடிய சரித்திரம் இல்லை. செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லக்கூடிய மனிசி. அப்படியான ஆளை இருட்டுக்குள் நிறுத்தி, முன்னால் ஊரை நடக்கவிட்டால் என்ன நடக்கும்?

சிவப்பு லைற் எரிந்தது. பேய் எழும்பியது. "ஊ…" என்று தொடங்கியது.

"ஊ… உது கிரிசாந் எல்லோ? ஆரோட வந்தனீ? பக்கத்தில ஆர், துசானியோ? பிள்ளை, உனக்கு இண்டைக்கு ரியூசன் எண்டெல்லோ கொம்மா சொன்னவ?"

அடுத்த நாள் இன்னொரு குடும்பம். பேய் முடியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அப்பாவின் முழங்கால் ஒப்பிரேசன் எப்படி, தையல் பிரிச்சாச்சோ என்று கேட்டது. பேய்வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பூங்காவின் இணையப் பக்கத்தில் ஒருவர் எழுதினார்: 'பயப்பட வந்தோம். பேய் எங்களுக்குக் கலியாணப் பலகாரம் பற்றி ஆலோசனை சொன்னது. ஒரு நட்சத்திரம்.'

சனிக்கிழமை நிப்றாஸ் அவளைக் கூப்பிட்டான். முகம் வாடியிருந்தது.

"அக்கா, நாளைக்குக் கொழும்பால முதலாளி வாறார். பேய்வீட்டில ஆரும் பயப்படுறாங்க இல்லயாம், மூடிட்டு மீன்தொட்டி வைக்கப்போறாராம். காலை வெச்சா மீன் வந்து கடிக்குமே, அது."

"அப்ப நான்?"

"மீன் இரிக்கிற இடத்தில பேய்க்கு என்ன வேலை அக்கா? நாளைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க. ஒரு சொல்லுக் கதைச்சாலும் முடிஞ்சுது. கிணத்துக்குள்ள மைக் ஒண்டு பூட்டியிரிக்கன். உங்கட மூச்சுச் சத்தம் வெளி வாசல் ஸ்பீக்கரில கேக்கும். மூச்சு மட்டும், அக்கா. அல்லாவுக்காக, மூச்சு மட்டும்."

கமலாதேவி அட்டையை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஓம் என்று தலையாட்டினாள்.

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னபோது தவராசா தேத்தண்ணியைப் புரையேற்றிக்கொண்டார். "நீ? முழு நாள்? கதைக்காம?" திருகோணமலை ரவுனில் போன் கடையில் வேலை செய்யும் மகள் கஜந்தி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு சொல்லும் கதைக்க ஏலாதோ அம்மா? ஆர் வந்தாலும்?"

"ஆர் வந்தாலும்."

"சத்தியமா?"

"சத்தியமா, பிள்ளை." மகளுக்குத் தன்மேல் எவ்வளவு அக்கறை என்று கமலாதேவிக்குக் கண் கலங்கியது. ஊருக்கெல்லாம் துப்புத் துலக்குகிறவளுக்கு, தன் வீட்டுக்குள் ஒரு பிள்ளை ஒரே கேள்வியை ஏன் மாற்றி மாற்றிக் கேட்கிறது என்று மட்டும் விளங்கவில்லை.

ஞாயிறு காலை, வாய்க்குள் ஒரு ரொபி இனிப்பை அடக்கிக்கொண்டு அவள் கிணற்றுக்குள் இறங்கினாள். வெளியே முதலாளி கதிரை போட்டு, செவ்விளநீரும் கையுமாக ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கிறாராம். வந்தது எல்லாம் உள்ளூர்ச் சனம். பேய் எழும்பியது, கையை ஆட்டியது, மூச்சு விட்டது. கத்துவார்கள் என்று பார்த்தால் கதைக்கிறார்கள்.

"என்ன கமலாக்கா, இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்ல? சுகமில்லையோ?"

"தொண்டை நோவாக்கும். மல்லி அவிச்சுக் குடியுங்கோ அக்கா."

பேயை நலம் விசாரித்துவிட்டுப் போகிறது சனம். வாசல் பக்கம் முதலாளி கொட்டாவி விடுவது அவளுக்கு உள்ளேயே கேட்டது. தன் அட்டைக்கு மேல் ஒரு மீன் நீந்துவதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் அந்தச் செருப்புச் சத்தம் வந்தது. இடது செருப்பின் வார் தளர்ந்து, சர்ர்ரக் என்று இழுபடும் சத்தம். போன கிழமைதான் அவளே தைக்கக் கொடுக்கச் சொன்ன செருப்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம், கனமான சப்பாத்து, இதுவரை அவள் கேட்டறியாதது. இந்த ஊரில் அவள் கேட்டறியாத சப்பாத்து!

சிவப்பு லைற் எரிந்தது. பேய் எழும்பியது. முன்னால் கஜந்தி. பக்கத்தில் நெடுவலான ஒரு பொடியன்; சேட்டு முழுக்க வேர்வை.

"அம்மா, இவர் சஞ்சீவன்" என்றாள் கஜந்தி, பாடமாக்கி வந்ததை ஒப்புவிப்பதுபோல. "வீட்டில சொன்னா நீங்கள் என்னைச் சொல்லவிடாம கேள்வி கேப்பியள். இஞ்சதான் நீங்கள் கதைக்க மாட்டியள். அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான். நல்ல பிள்ளை அம்மா. முழுக்கச் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டிருங்கோ."

கமலாதேவியின் நெஞ்சுக்குள் கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறின. எந்த ஊர்? ஆற்ற மகன்? எவ்வளவு காலமாய்? அட்டையை இறுக்கிப் பிடித்தாள். ரொபியைக் கடித்தாள். சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தாள். அவள் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது பிறந்ததுக்கு அது முதல்தரம். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருப்பாள்.

சும்மா நின்றிருக்கலாம் அந்தப் பொடியன். மரியாதை தெரிந்த பிள்ளை, கையைக் கூப்பினான்.

"வணக்கம், மாமி."

"மாமியோ!"

அது சொல்லாக வரவில்லை, அலறலாக வந்தது. கிணற்று மைக் அதை அப்படியே எடுத்து வாசல் ஸ்பீக்கரால் கொட்டியது. வெளியே வரிசையில் நின்ற சனம் மொத்தமாகக் கத்தியது. முதலாளியின் கையில் இருந்த செவ்விளநீர் உருண்டு போனது. மோட்டர் அலையில் குளித்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம்.

அடைப்பு உடைந்துவிட்டது. இனி மூடி என்ன?

"ஆருக்கு ஆர் மாமி? நீ எந்த ஊர்?"

"வெ… வெருகல்."

"வெருகலில ஆற்ற மகன்? என்ன வேலை?"

"கதிர்காமத்தம்பியின்ர. புல்மோட்டை மணல் தொழிற்சாலையில…"

"புல்மோட்டையில நிண்டுகொண்டு ரவுனில இருக்கிற பிள்ளையை எப்பிடிக் கண்டனீ?"

"போன் திருத்த வந்தனான்."

"ஒரு போனை எத்தினை தரமடா திருத்தினனீ? கொம்மாவுக்குச் சொல்லிட்டியோ? என்ன முழிக்கிறாய்? கொம்மாவுக்குச் சொல்லிட்டியோ எண்டு கேட்டனான்!"

அந்தக் கடைசிக் கேள்வியோடு சஞ்சீவன் வாசல் பக்கம் திரும்பினான். அவன் ஓடினான். எலும்புக்கூட்டில் முட்டி, சிலந்தி வலையில் சிக்கி, வாசலால் வெளியே வந்து விழுந்தபோது முகத்தில் துளி இரத்தம் இல்லை. "அம்மா!" என்று கத்திக்கொண்டு கஜந்தி பின்னால் ஓடினாள். வரிசையில் கைகோத்து நின்ற சோடிகள் சத்தமில்லாமல் விலகி, அறிமுகம் இல்லாத ஆட்களாகி நின்றார்கள்.

கமலாதேவி மைக்கை நிப்பாட்டிவிட்டுக் கிணற்று விளிம்பில் இருந்தாள். எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். நாற்பதைத் தொட்ட, வெள்ளைச் சேட்டுப் போட்ட மனிசன். அவள் எழும்பி, அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றி நீட்டினாள். அவர் கையை நீட்டி வாங்கினார். அத்தோடு அவள் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அவருடைய விரலில் மோதிரம் இல்லாததை அவள் கண்டுவிட்டாள்.

"போக முதல் ஒண்டு கேக்கட்டோ? தம்பிக்கு இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லையோ?"

முதலாளி அப்படியே நின்றார். நெற்றியில் மெல்ல வேர்த்தது.

"உங்களுக்கு எங்கட அம்மாவைத் தெரியுமோ?"

"இல்லை. ஏன்?"

"இல்லை… அவவும் இதே குரலிலதான் கேப்பா. நான் ஞாயிற்றுக்கிழமையில போனைத் தூக்கிறதே இல்லை." கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி அவளிடமே கொடுத்துவிட்டு, வந்ததைவிட வேகமாக வெளியே போனார். "நிப்றாஸ், மீன்தொட்டிக் கதையை விடும்! அந்த மைக்கைக் கழட்டவேண்டாம்!" என்று அவர் சொன்னது சுவருக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

அந்தக் கிழமையே பேய்வீட்டு வாசலில் புதுப் பலகை ஏறியது: 'விடுப்புப் பேய். பதில் இருந்தால் மட்டும் உள்ளே வரவும்.' எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்த பொடியள் அந்தப் பலகையைப் பார்த்து எச்சில் விழுங்கினார்கள். பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி வந்த நாட்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. உள்ளே போனவர்களின் பதில்களை ஸ்பீக்கரில் கேட்பதற்கென்றே வெளியில் ஒரு கூட்டம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றது. தவராசாகூட ஒருநாள் வந்தார். வெளியில் மட்டும் நின்றார்.

வீட்டில்தான் சத்தம் இல்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கேட்காமல் இருப்பது கேட்பதைவிடப் பயங்கரம் என்று கஜந்தி தகப்பனிடம் முறைப்பட்டாள்.

அடுத்த ஞாயிறு அதே சப்பாத்துச் சத்தம் தனியாக வந்தது. கமலாதேவிக்கு இப்போது அது கேட்டறிந்த சத்தம். சிவப்பு லைற் எரிந்தது. சஞ்சீவன் ஓடவில்லை. கிணற்றுக்கு முன்னால் நேராக வந்து நின்றான்.

"அம்மாவுக்குச் சொல்லிட்டன். அப்பாவுக்கும் சொல்லிட்டன். வாற கிழமை உங்களிட்ட வரலாமோ எண்டு கேட்டுக்கொண்டு வரச் சொன்னவை."

வெளியே கச்சான் கொறிக்கும் சத்தம் நின்றது. பேய் முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, அவனை மேலும் கீழும் பார்த்தது. வெருகலில் இருந்து பஸ் மாறி மாறி வந்த பிள்ளை. கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

"சாப்பிட்டியளோ, தம்பி?"

நீ போய் நீங்கள் வந்துவிட்டது. ஸ்பீக்கருக்குக் கீழே நின்ற கஜந்தி அதைப் பிடித்துக்கொண்டாள் என்பது, வாசலில் கேட்ட அவளுடைய சிரிப்பில் கமலாதேவிக்குத் தெரிந்தது.

"இன்னும் இல்லை, மாமி" என்றான் அவன், காலை ஓடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு.

"கடவுளே, இந்த நேரம் மட்டும் பட்டினியோ!" கமலாதேவி வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றை விட்டு இறங்கினாள். அவளுடைய சோற்றுப் பார்சல் பூங்காக் குசினிக்குள் இருந்தது, நல்ல வேளையாகச் சூடை மீன் குழம்போடு.

வரிசை நீண்டுகொண்டே போனது. நிப்றாஸ் மைக்கைக் கையில் எடுத்தான்.

"அன்பான உல்லாசப் பயணிகளே, கொஞ்சம் பொறுங்க. பேய் மருமகனுக்குச் சோறு குடுக்கப் போயிரிக்கி."